நிறுத்தங்களின் வரிசை
(இப்னு ஜுபைரின் ஸிஸிலிப் பக்கங்கள் – ஒரு திறனாய்வு)

மதரஸாவில் என்னிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று வளைகுடா நாடொன்றில் பொறியாளராக இருக்கின்றார். விடுமுறையில் ஊருக்கு வந்தவர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னைக் காண வந்தார். மனைவி மக்களுடன் தென் இத்தாலியில் பத்து இரவுகள் காரில் சுற்றிவரத் திட்டமிட்டிருப்பதாகக் கூறி, கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். நேப்பிள்ஸ், பொம்பெயி, அமால்ஃபி, மத்தேரா, அல்பெரொபெல்லோ, லெச்சே, தவோர்மினா, எட்னா எரிமலை, பலெர்மோ என ஒன்பது ஊர்கள் அதில் கோர்க்கப்பட்டிருந்தன.

"ஹஜ்ரத், ஏறக்குறைய நாளுக்கு ஓர் இடம். கார் நம் கையில் இருக்கும்போது தூரம் ஒரு பொருட்டன்று. போவதற்கு முன் படிக்க வேண்டிய நூல் ஏதேனும் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு தம்பி. இரண்டு நூல்கள் உண்டு. ஆனால் அவற்றைப் படித்தால் இந்தப் பட்டியல் இப்படியே நில்லாது" என்றேன்.

அன்று அவரிடம் சொன்னதையும், சொல்லத் தயங்கியதையும் இங்கே எழுதுகின்றேன். பயணத் திட்டம் வகுப்பதற்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வினவலாம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எதன் பின் எதைக் காண்பது என்னும் மூன்று வினாக்களும் பயணிக்கு உரியவை. பயண நூலை இயற்றுவோனுக்கும் அவையே உரியவை. இதுவே அவ்வுறவு.

அரபு மொழியில் இத்துறை நூல்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று ‘அல் மஸாலிக் வல் மமாலிக்’, அதாவது வழிகளும் நாடுகளும் என்னும் வகை. அப்பாஸியர் காலத்தில் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த இப்னு குர்தாத்பிஹ் இப்பெயரிலேயே ஒரு நூல் செய்தார். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எத்தனை மைல், எத்தனை ‘மர்ஹலா’ என்று கணக்கிடுவது இவ்வகையின் இயல்பு. மர்ஹலா என்பது ஒரு நாளில் கடக்கக்கூடிய வழித்தொலைவு. மற்றொன்று ‘ரிஹ்லா’. இது ஒரு மனிதர் தாம் சென்ற வழியைத் தம் கண்ணாலும் நெஞ்சாலும் கூறுவது. முன்னதில் வழி இருக்கும், வழிப்போக்கர் இருக்கமாட்டார். பின்னதில் வழிப்போக்கரின் பசியும் அச்சமும் வியப்பும் வழியோடு கலந்து நிற்கும். நம் தமிழில் ஆற்றுப்படை இவ்விரண்டையும் ஓரளவு இணைத்தது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வோர் ஊரிலும் யார் எதிர்ப்படுவர், என்ன உண்ணத் தருவர் என்றும் சொல்லிச் செல்கின்றது.

தென் இத்தாலிக்கு, குறிப்பாக ஸிஸிலித் தீவுக்கு, இவ்விரு வகையிலும் தலைசிறந்த நூல்கள் கிட்டியிருப்பது ஒரு பெரும்பேறு.

முதலாவது அல் இத்ரீஸியின் ‘நுஸ்ஹத்துல் முஷ்தாக்’. ஸிஸிலியை ஆண்ட நார்மன் மன்னன் இரண்டாம் ரோஜரின் வேண்டுகோளால் எழுதப்பெற்று, ஹிஜ்ரி 548 ஷவ்வாலில், அதாவது கி.பி. 1154 ஜனவரியில் நிறைவெய்தியது. அடுத்த மாதமே ரோஜர் இறந்தான். எழுபது பகுதி வரைபடங்களைக் கொண்ட இந்நூலில் தெற்குத் திசை மேலே இருக்கும். இன்றைய வரைபடங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இத்தாலி தலைகீழாகத் தெரியும். ஊருக்கு ஊர் தொலைவு, துறைமுகத்தின் தரம், ஆறு, ஆலை, விளைபொருள் ஆகிய யாவும் அதில் உண்டு. பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்னும் சிற்றூரில் ‘இத்ரிய்யா’ என்னும் உலர்ந்த மாவிழை பெருமளவில் செய்யப்பட்டுக் கலாப்ரியாவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறியதை இத்ரீஸி குறித்துள்ளார். இன்று உலகெங்கும் உண்ணப்படும் பாஸ்தாவின் வரலாற்றை எழுதுவோர் இந்தக் குறிப்பைத் தவறாமல் நாடுகின்றனர்.

இத்ரீஸியின் சிறப்பு அதுவே, குறையும் அதுவே. அவர் சொல்லும் ஊர்கள் எல்லாம் வளமுடையவை, சந்தைகள் எல்லாம் நிறைந்தவை. முகவுரையோ மன்னன் புகழால் நிரம்பி வழிகின்றது. ஆதரித்தவன் அவையில் எழுதிய நூலில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? எவ்வளவு தூரம் என்பதை அவரிடம் கேட்கலாம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. என் மாணவரின் பட்டியலும் அப்படிப்பட்டதே. அதில் தூரம் இருந்தது. நிற்பதற்குக் காரணம் இல்லை.

இரண்டாவது நூல் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களின் ‘ரிஹ்லா’. ஹிஜ்ரி 540இல் வலென்ஸியாவில் பிறந்து, கர்நாத்தா ஆளுநரின் செயலாளராக இருந்த இவர், கி.பி. 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். கடமையை முடித்துப் பக்தாத், திமிஷ்க் முதலிய நகரங்களைக் கண்டு, அக்கா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டார் கப்பலில் ஏறினார். ஹிஜ்ரி 580 ரமலானில், கி.பி. 1184 டிசம்பரில், அக்கப்பல் மெஸீனா நீரிணையில் உடைந்தது. ஆகவே அவருடைய ஸிஸிலிப் பயணம் திட்டமிட்டதன்று. முதல் நிறுத்தத்தை அவருக்குப் புயல் தேர்ந்தளித்தது.

அங்கிருந்து அவர் சென்ற வழியை வரிசையாகக் காண்போம். மெஸீனாவிலிருந்து சிறு படகில் வடகரையோரமாகச் செஃபலு, பின் தெர்மினி. அதன் பின் கால்நடையாகக் ‘கஸ்ரு ஸஅத்’ என்னும் கோட்டையூர்; அங்கு ஓர் இரவு. பின்னர் பலெர்மோவில் ஏழு நாட்கள். பிறகு அல்கமோ வழியாகத் தீவின் மேற்கு முனையிலுள்ள திராப்பனி. அங்கே கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பு.

இந்த வரிசையே இந்நூற்பகுதியின் பொருள் என்பது என் துணிபு. அதை விளக்குவேன்.

மெஸீனாவில் தொடங்கும்போது மன்னன் இரண்டாம் வில்லியம் நன்மையின் உருவாகத் தோன்றுகின்றான். உடைந்த கப்பலில் இருந்தோரைக் கரை சேர்க்கப் படகுக்காரர்கள் பெருங்கூலி கேட்டபோது, கையில் பொருளற்ற முஸ்லிம்களுக்காக நூறு கால்தீனார் நாணயங்களை அவன் கொடுக்கச் செய்தான். அரபு படிக்கவும் எழுதவும் அறிந்தவன். முஸ்லிம் பணியாளரை நம்பி அரண்மனையை நடத்துகின்றவன் என்றெல்லாம் ஆசிரியர் வியக்கின்றார். ஆனால் அதே மெஸீனாவில் அரண்மனைப் பணியாளர் அப்துல் மஸீஹ் என்பவர், அருகில் ஒற்றர் எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே ஹாஜிகளிடம் மக்காவைப் பற்றி விசாரிக்கின்றார். தம் ஈமானை மறைத்தே வாழ வேண்டியிருப்பதைச் சொல்லி வருந்துகின்றார். முதல் விரிசல் இங்கே விழுகின்றது. ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு நகர்கின்றார்.

பலெர்மோவில் நடை செழிக்கின்றது. நகரைக் குர்துபாவுக்கு ஒப்பிட்டு ‘ஸஜ்உ’ என்னும் இயைபுரைநடையில் வருணிக்கின்றார். அந்தியோகியா நாட்டவன் எழுப்பிய தேவாலயத்தின் பொன்வேலைப்பாட்டில் மனம் பறிகொடுத்து, உடனே அந்த மயக்கத்துக்காக இறைவனிடம் பாதுகாவல் தேடுகின்றார். கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போன்று உடுத்திச் செல்வதைக் கண்டு வியக்கின்றார். நடுவே ஒரு செய்தி: முஸ்லிம்களுக்குப் பள்ளிகள் உண்டு, பாங்கு உண்டு, காளியும் உண்டு, ஆனால் குத்பாவுக்குத் தடை இருந்ததால் ஜும்ஆ இல்லை. விரிசல் சற்றே அகலமாகின்றது.

திராப்பனியில் காலம் நீள்கின்றது. ஈதுல் ஃபித்ர் நாளில் முஸ்லிம்கள் முரசும் ஊதுகொம்பும் முழங்கத் தொழுகைத் திடலுக்குச் செல்வதையும், கிறிஸ்தவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வதையும் கண்டு வியப்பெய்துகின்றார். ஆனால் மன்னன் கடற்படை திரட்டுவதால் கப்பல்கள் தடுக்கப்பட்டுள்ளன. புறப்பட இயலாத பயணியிடம் ஊர் மக்கள் மெல்ல மெல்ல வாய் திறக்கின்றனர். தந்தை மகனைக் கோபித்தாலோ தாய் மகளைக் கண்டித்தாலோ, சினமுற்ற பிள்ளை தேவாலயத்துள் புகுந்துவிடும். பிறகு பெற்றவர்கள் அப்பிள்ளையை அணுக முடியாது. ஆகவே வீட்டுக்குள்ளும் அஞ்சி அஞ்சி வாழ்கின்றனர். ஊரின் பெரியவர் ஒருவர், இளம் பருவத்துத் தம் மகளை யாரேனும் ஒரு ஹாஜி மணந்துகொண்டோ, தக்கவருக்கு மணமுடித்துக் கொடுப்பதாக ஏற்றோ, முஸ்லிம் நாட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்று கேட்டு அனுப்புகின்றார். தாயற்ற அப்பெண்ணும் உடன்பிறந்தாரைப் பிரிந்து போக இசைகின்றாள். இந்தச் செய்தியைக் கூறுமிடத்தில் நகர வருணனையின் அலங்காரம் விலகிவிடுகின்றது. சொற்கள் நேராக நடக்கின்றன. ஒரு தந்தை தன் மகளை மீண்டும் காணாதிருக்கச் சம்மதிக்கின்றான் என்பதற்கு இயைபு தேவையில்லை.

இந்நூலைத் திராப்பனியில் தொடங்கி மெஸீனாவில் முடித்திருந்தால் என்னவாகியிருக்கும்? அஞ்சியவன் முடிவில் ஆறுதல் அடைந்த கதையாகியிருக்கும். இப்பொழுது இருக்கும் வரிசையிலோ, கப்பல் உடைந்தவன் ஒரு மன்னனின் கருணையைக் கண்டு மகிழ்ந்து, பின் அக்கருணையின் அடியில் வாழ்வோரின் நிலையைப் படிப்படியாக அறிந்த கதையாக நிற்கின்றது. எந்த ஆசிரியரும் இதைவிடச் சிறந்த வரிசையை அமர்ந்து திட்டமிட்டிருக்க முடியாது. அவர் செய்ததெல்லாம், முன் எழுதியதைப் பின் அறிந்ததற்கேற்பத் திருத்தாமல் விட்டதுதான். மெஸீனாவின் வியப்பு அழிக்கப்படவில்லை. திராப்பனியின் துயரம் மறைக்கப்படவில்லை. இரண்டும் உண்மை என்பதால் இரண்டும் நிற்கின்றன.

நம்மவர் இந்நூலைக் கையாளும் முறையைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மேடைகளிலும் விழா மலர்களிலும் ஸிஸிலி என்றாலே அரபு பயின்ற மன்னனும், குர்துபாவை ஒத்த பலெர்மோவும், முஸ்லிம் பெண்களைப் போல் உடுத்திய கிறிஸ்தவப் பெண்களும் தவறாமல் வருவர். திராப்பனித் தந்தை வரமாட்டார். பிறரைக் குறைகூறுவானேன்? இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அப்படியே பேசியிருக்கின்றேன். ஒருமுறை கூட்டம் முடிந்தபின் ஒரு முதியவர், "அவ்வளவு சிறப்பாக இருந்த முஸ்லிம்கள் பிறகு எங்கே போனார்கள், ஹஜ்ரத்?" என்று கேட்டார். காலச்சக்கரம் சுழன்றது என்று ஏதோ சொல்லி நழுவினேன். விடையின் தொடக்கம் நான் மேற்கோள் காட்டிய அதே நூலில், சில பக்கங்கள் தள்ளி இருந்தது. பெருமை தரும் நிறுத்தங்களில் மட்டும் இறங்கி, மற்றவற்றைக் கண்மூடிக் கடந்து வந்தேன். என் மாணவரின் ஒன்பது ஊர்ப் பட்டியலைக் கண்டபோது நான் சிரிக்காததற்கு இதுவே காரணம்.

இப்னு ஜுபைரிடமும் குறை உண்டு. அவர் கண்டது கடற்கரையோர ஸிஸிலி மட்டுமே. தீவின் உட்பகுதியில் நிலத்தோடு பிணைக்கப்பட்ட முஸ்லிம் உழவர்களை அவர் சந்திக்கவில்லை. மொன்ரியாலே மடத்துக்கு மன்னன் கொடுத்த நிலங்களின் எல்லைகளை அரபியிலும் லத்தீனிலும் எழுதிய ஆவணம் 1182ஆம் ஆண்டுக்குரியது. அது எழுதப்பட்ட இரண்டே ஆண்டுகளில் பலெர்மோவில் ஏழு நாட்கள் தங்கியவரின் நூலில் அவ்வுழவர்களின் குரல் இல்லை. எழுத்தாளர் எந்தச் சாலையில் செல்கின்றாரோ அந்தச் சாலையின் மனிதர்களே நூலில் இடம்பெறுவர். வழி வகுப்போர் இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

முதியவரின் வினாவுக்கு வருவோம். 1189இல் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். தப்பியோர் மலைகளுக்கு ஓடினர். கிளர்ச்சிகள் தொடர்ந்தன. 1220களில் தொடங்கிப் பேரரசன் இரண்டாம் ஃபிரடெரிக் அவர்களைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியப் பெருநிலத்தின் புலியா மாநிலத்திலுள்ள லூச்சேரா என்னும் ஊரில் குடியேற்றினான். அங்கே அவர்கள் உழுதனர். அவன் படையில் வில்லாளிகளாகப் போரிட்டனர். தம் மார்க்கப்படியும் வாழ்ந்தனர். 1300இல் அஞ்சூ மரபின் இரண்டாம் சார்ல்ஸ் அக்குடியிருப்பை அழித்து, மக்களை அடிமைகளாக விற்றான். இப்னு ஜுபைரின் பயணத்துக்கும் இதற்கும் இடையே 115 ஆண்டுகளே. திராப்பனித் தந்தையின் அச்சம் மிகையன்று என்பதற்கு லூச்சேராவே சான்று. அவ்வூரிலிருந்து இவ்வூர் வரை செல்லாத பயணம் பாதியில் நின்ற பயணமே.

ஆகவே என் மாணவருக்கு நான் வகுத்துத் தந்த வழி இது. நான் கார் ஓட்டி அறியேன். தூரங்களை அவரே கைப்பேசியில் பார்த்துச் சொன்னார். நேப்பிள்ஸில் இறங்கிக் கார் பெற்றுத் தெற்கு நெடுஞ்சாலையில் 300 கி.மீ.க்குச் சற்று மேல் சென்றால் கொஸென்ஸா; அங்கு ஓர் இரவு. மறுநாள் வில்லா சான் ஜொவான்னியில் காரோடு படகேறினால் அரை மணிக்குள் மெஸீனா. அந்த நீரிணையின் மிகக் குறுகிய இடம் 3 கி.மீ. அளவே. இப்னு ஜுபைரின் கப்பல் உடைந்தது அந்தக் கடலில் என்பதை எண்ணிக் கடக்க வேண்டும். மெஸீனாவில் ஓர் இரவு. செஃபலுவில் ஓர் இரவு. அடுத்த நாள் தெர்மினியையும் மாவிழை செய்த திராபியாவையும் பார்த்துக்கொண்டே பலெர்மோ. அங்கு மூன்று இரவுகள். ஆசிரியர் ஏழு நாட்கள் தங்கிய ஊரில் மூன்றுக்குக் குறைவாகத் தங்குவது முறையன்று. பழைய நகரினுள் அனுமதியின்றிக் கார் நுழைந்தால் கண்காணிப்புக் கருவி படம் பிடித்து அபராதம் வீடு தேடி வரும். காரை வெளியே விட்டு நடக்க வேண்டும். அவர் வியந்த தேவாலயம் இன்று மர்த்தோரானா என்னும் பெயரில் உள்ளது. பேராலயத்தின் தெற்கு வாயிலில் ஒரு தூணில் குர்ஆன் வசனம் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ‘அல் அஸீஸா’ என்னும் மாளிகை ஸீஸா என்று வழங்குகின்றது. நகருக்குத் தென்கிழக்கே மிஸில்மேரி என்றோர் ஊர் உண்டு. அது ‘மன்ஸிலுல் அமீர்’ என்பதன் திரிபு. மன்ஸில் என்பது பயணி இறங்கித் தங்கும் இடம். தங்கியவர்கள் போன பின்னும் அந்தச் சொல் அங்கே தங்கியிருக்கின்றது.

பலெர்மோவிலிருந்து அல்கமோ வழியாகத் திராப்பனி ஏறத்தாழ 100 கி.மீ. அங்கு இரண்டு இரவுகள். பின் பலெர்மோ திரும்பி, இரவுக் கப்பலில் காரோடு நேப்பிள்ஸ். காலையில் இறங்கிக் கிழக்கே சென்றால் பிற்பகலுக்குள் லூச்சேரா. பத்தாம் இரவு அங்கே. மறுநாள் நேப்பிள்ஸ் திரும்பிக் காரை ஒப்படைக்கலாம்.

"மத்தேராவும் அமால்ஃபியும் போய்விட்டனவே ஹஜ்ரத்!" என்றார் மாணவர்.

"அவை அழகான ஊர்களே, தம்பி. இன்னொரு முறை அவற்றுக்காகவே செல்லுங்கள். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவும் நினைவில் நில்லாது" என்றேன்.

சற்று நேரம் வரைபடத்தையே பார்த்திருந்துவிட்டு, "லூச்சேராவில் காண்பதற்கு என்ன இருக்கின்றது?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். ஏறத்தாழ 900 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு கோட்டை மதில் இருக்கின்றது. அதுவும் அஞ்சூ மரபினர் எழுப்பியது. அதனுள் ஃபிரடெரிக்கின் மாளிகையின் அடித்தளம் எஞ்சியிருக்கின்றது. ஊர் நடுவே, பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்ததாகக் கூறப்படும் பேராலயம் நிற்கின்றது. முஸ்லிம்களின் வீடு ஒன்றும் இல்லை.

ஆற்றுப்படையின் முடிவில் ஒரு வள்ளல் காத்திருப்பான். வந்தவனுக்குப் பரிசில் தருவான். இந்த வழியின் முடிவில் தருவதற்கு எவரும் இல்லை. அங்கே கொடுக்க வேண்டியவர்கள் நாம். பெயர் அறியாத அம்மக்களுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதலாம். பிள்ளைகள் கேட்டால், மெஸீனாவில் தொடங்கியதை மறைக்காமல் இங்கு வரை சொல்லி முடிக்கலாம்.

மாணவர் தம் பட்டியலில் ஏழு ஊர்களை அழித்தார். நான் என் பழைய சொற்பொழிவுக் குறிப்பேட்டை எடுத்து, பலெர்மோவுக்குப் பின் திராப்பனி என்று எழுதிச் சேர்த்தேன். அந்த முதியவர் இன்று இவ்வுலகில் இல்லை. அவர் அமர்ந்திருந்த அதே ஊர்க் கூட்டத்தில், இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அப்பக்கத்தைப் படிப்பேன்.